அந்தமான் எவ்வளவு தூரம்? போய்ச் சேர எவ்வளவு நேரம்?



இந்த மாதமும் கணக்குப் பாடம்தான். ஆனால் வட்டிக் கணக்கு இல்லை, பயந்துவிட வேண்டாம். தூரமும் நேரமும் பற்றிய கணக்கு. ஏன் இதை எடுத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் நம் குழுக்கள் உள்ள ஊர்களில் அந்தமானில் வேலை பார்க்கும் ஆட்கள் இல்லாத தெரு குறைவு. கொத்தனார், கம்பி கட்டுபவர், கடையில் நிற்பவர் என்று ஒரு வீட்டுக்கு ஒருத்தராவது இருப்பார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நம் உறுப்பினர் அக்கா ஒருவருக்குப் போன் வந்தது. மகன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று. அக்கா ஊக்குநரைக் கூப்பிட, ஊக்குநர் எங்களைக் கூப்பிட்டார். "அந்தமான் எம்புட்டுத் தூரம் மேடம்? எப்பப் போய்ச் சேரலாம்?" என்று கேட்டார்.

"பிளைட்ல ரெண்டு மணி நேரந்தான், கவலைப்படாதீங்க" என்றோம்.

திங்கட்கிழமை காலையில் குழு கூடி அவசரக் கடன் தீர்மானம் போட்டது. டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி விமானத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார்கள், அக்காவுக்கும் அவர் தம்பிக்கும். திங்கள் ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலையில் தாம்பரம், அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தானே என்று எல்லோருமே நினைத்தோம். ரயில் ஒரு மணி நேரம் தாமதம். இருவரும் விமான நிலையத்துக்குள் போனபோது மணி ஆறு ஐம்பது. விமானம் அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் கவுன்ட்டரை மூடி வெகு நேரம் ஆகிவிட்டது. டிக்கெட் பணத்தில் வரி மட்டும்தான் திரும்பி வந்தது. மறுநாள் டிக்கெட்டுக்கு முதல் டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள். குழுத் தலைவி மறுபடி ஓடி ஓடிப் பணம் புரட்ட, அக்கா அன்று ராத்திரி முழுவதும் விமான நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் சொன்ன இரண்டு மணி நேரம் பொய் இல்லை. ஆனால் அது விமானத்தின் நேரம். அக்காவின் நேரம் இல்லை. பட்டப்படிப்பு படித்த எங்களுக்கே அந்த வித்தியாசம் அன்றைக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவும் வங்கக் கடலும் முழுதாகத் தெரியும் பக்கத்தைத் திறங்கள். சென்னை மேல் ஒரு நூலின் முனையை வையுங்கள். கடலைத் தாண்டி அந்தமானில் போர்ட் பிளேர் வரைக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். 2024 செப்டம்பரில் இந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். உங்கள் அட்லஸ் பழசாக இருந்தால் போர்ட் பிளேர் என்றுதான் இருக்கும், இரண்டும் ஒரே ஊர்தான். இப்போது அந்த நூலை அப்படியே எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் கிலோமீட்டர் அளவு போட்டிருக்கும் கோட்டின் மேல் வைத்து அளந்து பாருங்கள். 1,300க்கும் 1,400க்கும் நடுவில் வரும். சரியான அளவு சுமார் 1,370 கிலோமீட்டர்.

இங்கே ஒரு விஷயம். சில புத்தகங்களில் சென்னையிலிருந்து கடல் வழித் தூரம் 1,190 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். இரண்டு ஊருக்கு நடுவே நேர்கோட்டை விடக் குறுக்கு வழி எந்தக் கப்பலுக்கும் கிடையாது. நேர்கோடே 1,370 என்றால் 1,190ல் எப்படிப் போய்ச் சேர முடியும்? அச்சில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பதில்லை. பாஸ் புத்தகத்தில் தப்பாக வரவு வைத்தால் மேனேஜரிடம் போய்க் கேட்கிறீர்கள் அல்லவா, அதைப் போலத்தான் இதுவும்.

அட்லஸ் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். போர்ட் பிளேரிலிருந்து நூலைப் பர்மாவின் யாங்கோன் நகருக்கு இழுத்தால், நம் சென்னைக்கு இருப்பதில் பாதி தூரம்தான் வரும். அவ்வளவு கிழக்கே தள்ளி இருக்கிறது அந்தமான். இருந்தாலும் அது நம் நாடுதான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத் தாய்மொழி தமிழ். அதனால் அங்கே போக நமக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். "கடல் தாண்டுற ஊரு, பேப்பர் வேலை இருக்கு" என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதார் அட்டையோ வாக்காளர் அட்டையோ அசலாகக் கையில் இருந்தால் போதும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையில் கணவர் பெயர் ஒட்டி இருந்தால் டிக்கெட்டிலும் அப்படியே போடச் சொல்லுங்கள். நிக்கோபார் பக்கம் போவதென்றால் மட்டும் விஷயம் வேறு. அது பழங்குடி மக்களின் பகுதி. இந்தியர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

இனி நேரம். விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 1,370ஐ 800ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் டிக்கெட்டில் இரண்டு மணி, இரண்டேகால் மணி என்று போட்டிருக்கும். மீதி அரை மணி எங்கே போயிற்று? நம் மதுரை பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் ஏறிவிட்டால் அறுபதில் பறக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரவும், மதுரைக்குள் நுழைந்து நிற்கவும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது? விமானமும் அப்படித்தான். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்கு வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மெதுவாக மேலே ஏற வேண்டும். இறங்குவதற்கும் அரை மணிக்கு முன்பிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். 800 என்பது நடுவில் உள்ள வேகம் மட்டும்தான்.

காற்றும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஆடி மாதம் நம் ஊரில் மேற்கிலிருந்து காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், விமானம் பறக்கிற இடத்தில், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பலமாக வீசுகிறது. பி. கோட்டீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி 1958ல் இதைப் பற்றி விளக்கி எழுதினார். அதனால் ஆடி ஆவணியில் அந்தமான் போகும்போது எதிர்க்காற்று, திரும்பி வரும்போது பின்காற்று. சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போக வரப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடிக் குறையும், அவ்வளவுதான். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது தரையில் போகிற நேரத்துக்கு. அந்த அக்காவின் பயணத்தை ஒரு கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். விமானத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி எழுதச் சொன்னோம். விமானம் ஏழு மணிக்கு. பைகளை வாங்கும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அப்படியானால் ஆறு. வரிசை இருக்கும், முதல் தடவை போகிறவர்களுக்கு எந்த வாசல் என்று கேட்டு விசாரிக்கவும் நேரம் வேண்டும், ஆக ஐந்து மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வர, மூட்டை முடிச்சோடு படி ஏறி இறங்கி எதிரே உள்ள விமான நிலையத்துக்குப் போக ஒரு மணி நேரம். அப்படியானால் தாம்பரத்தில் நாலு மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். ரயில் தாமதத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ராத்திரி இரண்டு மணிக்கே தாம்பரம் வருகிற ரயில் வேண்டும். "அப்படி ஒரு ரயிலே இல்லையே" என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. அந்த ஏழு மணி டிக்கெட்டை எடுத்திருக்கவே கூடாது. பத்து, பதினோரு மணிக்குக் கிளம்பும் விமானமாகப் பார்த்து எடுத்திருந்தால், அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் கூட்டிப் பார்த்தோம். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டை விட்டால், மறுநாள் மதியம் இரண்டு மணி சுமாருக்குப் போய்ச் சேரலாம். இருபது மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருப்பது இரண்டேகால் மணிதான். மீதி எல்லாம் நம் ஊர் மினி பஸ்ஸும், ரயிலும், காத்திருப்பும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்கள் அங்கேதான் ஆட்களை இறக்குகின்றன. அங்கிருந்து அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் டவுன் பஸ் பிடித்து வர வேண்டும். காலை எட்டு மணிக்கு மேல் அந்த ரோட்டில் நெரிசல் எப்படி இருக்கும் என்று சென்னையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்கும் தனியாக ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் எப்படி என்று கேட்பீர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் போகிறது. தினமும் கிடையாது, மாதத்தில் சில தடவைதான். தேதியை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கடலில் சுமார் அறுபது மணி நேரம், அதாவது இரண்டரை நாள். துறைமுகத்தில் காத்திருப்பு, கடல் கொந்தளிப்பு எல்லாம் சேர்ந்தால் மூன்று நாளும் ஆகும். 1,370ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 23 கிலோமீட்டர் கூட வராது. விரட்டி மிதிக்கிற சைக்கிள் வேகம். கட்டணம் குறைவு, சாமான் நிறையக் கொண்டுபோகலாம். வேலைக்காகப் போகிற ஆண்கள் பலர் கப்பலில்தான் போகிறார்கள். வாந்தி, தலைச்சுற்றல் வரும், அதற்கு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவசரம் என்றால் கப்பல் உதவாது. நாளைக்கே கப்பல் இருந்தால்தான் மூன்று நாள். பத்து நாள் கழித்துத்தான் கப்பல் என்றால் அது பதின்மூன்று நாள் தூரம்.

இதே கடலை வேறொன்றும் கடந்து வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி நடுங்கியது. அந்தப் பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் வரைக்கும் ஓடியது. அங்கிருந்து கிளம்பிய அலை ஆழ்கடலில் மணிக்கு 600, 700 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஒன்பது மணி சுமாருக்கு நம் கரையை அடித்தது. கப்பலுக்கு இரண்டரை நாள் ஆகிற கடலை அலை இரண்டரை மணி நேரத்தில் தாண்டிவிட்டது. ஏறக்குறைய விமானத்தின் நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் நம் கையில் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஜனங்கள் கடற்கரையில் மீன் பிரித்துக்கொண்டும், பிள்ளைகள் விளையாடிக்கொண்டும் இருந்தார்கள். அதற்குப் பிறகு 2007ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். கடலோரக் குழுச் சகோதரிகள் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும். அந்தமான் பக்கம் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்று டி.வி.யிலோ போனிலோ வந்தால், நமக்கு இருப்பது இரண்டு மணி நேரம் சொச்சம். நகை, பத்திரம் என்று தேடிக்கொண்டிருக்காமல் பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போக அது போதும். அலை வருகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போகக் கூடாது.

பயணத்துக்குத் திரும்புவோம். முதல் தடவை விமானம் ஏறும் பெண்களுக்குச் சில விஷயங்கள். பெரிய பை பெரும்பாலும் 15 கிலோ, கைப்பை 7 கிலோ வரை விடுவார்கள். டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மகனுக்கு ஊறுகாய், நல்லெண்ணெய் கொண்டுபோவதென்றால் நன்றாகக் கட்டிப் பெரிய பையில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். கொப்பரைத் தேங்காய் பெரிய பையில் கூடாது. எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீப்பற்றும் என்று எடுத்துவிடுவார்கள். தீப்பெட்டி எதிலும் கூடாது. அரிவாள்மனை, கத்தி பெரிய பையில். போன் சார்ஜ் போடும் பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். சோதனை என்றதும் கூச்சப்பட வேண்டாம். பெண்களைத் திரை மறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று ஒரு சகோதரி பயந்து கேட்டார். கருவியை மேலே காட்டி அனுப்பிவிடுவார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டர் சான்றிதழ் வேண்டுமா என்று முன்பே விசாரித்துக்கொண்டு போக வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். ஒரு மிட்டாயை வாயில் போட்டு எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும்.

அங்கே இறங்கியதும் ஒன்று புதிதாக இருக்கும். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், நம் நேரம்தான் அங்கேயும். ஆனால் சூரியன் மாறிவிடும். பூமியில் ஒரு பாகை கிழக்கே போனால் நான்கு நிமிடம் முன்னதாக விடியும். பரமக்குடிக்கும் போர்ட் பிளேருக்கும் பதினான்கு பாகை. ஐம்பத்தாறு நிமிடம். ஆனி மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் அங்கே விடிந்துவிடும். மார்கழியில் சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு இருட்டத் தொடங்கும். மதிய விமானத்தில் போய், பக்கத்துத் தீவுக்குப் படகு பிடிக்க வேண்டியவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

அக்கா புதன்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார். மகனுக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. "நேத்தே வருவேன்னு சொன்னியேம்மா" என்றுதான் முதலில் கேட்டானாம். இப்போது ஊரில் இருக்கிறான், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். குழுவில் வாங்கிய அவசரக் கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி. வீணாய்ப் போன டிக்கெட்டுக்கு உரிய பங்கைப் பற்றி அக்கா ஒரு நாளும் எங்களிடம் பேசியதில்லை. நாங்கள்தான் கூட்டமைப்புக் கூட்டத்தில் எழுந்து சொன்னோம். அதன் பிறகு, வெளியூர் அவசரம் என்று கடன் கேட்டு வந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் உட்கார்ந்து இந்தப் பின்னோக்கிய கணக்கை எழுத வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பயிற்சி. சென்னையிலிருந்து இலங்கையின் கொழும்பு விமான நிலையம் சுமார் 650 கிலோமீட்டர். அந்தமானில் பாதி தூரம் கூட இல்லை. ஆனால் அது வெளிநாடு: பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசலிலிருந்து அங்கே போக எத்தனை மணி நேரம் ஆகும்? காலை ஒன்பது மணிக்கு விமானம் என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள். குழுவுக்கு ஒரு அட்லஸும் ஒரு முழம் நூலும் போதும்.